தமிழாசிரியை பதில்கள்: சுவாமியோடு சண்டை போடலாமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: ‘நான் யாருக்கு என்ன கெடுதல் செய்தேன், எனக்கு ஏன் இப்படி?’ எல்லாவற்றையும் போட இடமில்லை. ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: என் மகன் போன ஆவணியில் இரு சக்கர வாகன விபத்தில் போய்விட்டான். வயது 27. அவன் வயிற்றில் இருந்த நாளிலிருந்து நான் பிரதோஷம் தவறவிட்டதில்லை. ‘போன ஜென்மக் கணக்கு’ என்கிறார் நாத்தனார். ‘குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டதைச் செய்யாமல் விட்டிருப்பாய்’ என்கிறாள் ஓரகத்தி. ‘எல்லாம் நன்மைக்கே’ என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறார்கள். கோயிலுக்குப் போனால் கைகூப்ப வரவில்லை, கோபம்தான் வருகிறது. சன்னிதியில் நின்று சுவாமியை ஏசிவிட்டு வருகிறேன். இது பாவமா? எனக்குப் பணிவு போய்விட்டதா?
— பெயர் வேண்டாம், மன்னார்குடி

பதில்: பாவமில்லை, அம்மா. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதை ஆற அமரப் பார்ப்போம்.

உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் திருவாரூர் வந்துவிடும். சுவாமியை ஏசிய கதைகளில் மிகப் பெரியது அந்தக் கோயிலில்தான் நடந்தது. ஏசியவர் சாமானியர் அல்ல, சுந்தரமூர்த்தி நாயனார். திருவொற்றியூரில் மகிழ மரத்தடியில், தான் மணக்கவிருந்த சங்கிலியாருக்கு ‘உன்னைப் பிரியேன்’ என்று சத்தியம் செய்து கொடுத்துவிட்டு, திருவாரூர் நினைவு தாங்காமல் கிளம்பினார். ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயின. தடுமாறிக்கொண்டே திருவெண்பாக்கம் வந்து, ‘கோயிலுக்குள் இருக்கிறீரா?’ என்று கேட்கிறார். ‘உளோம் போகீர்’ என்று பதில் வருகிறது. இருக்கிறோம், நீர் போம்! தாலுகா அலுவலக ஜன்னலில் கிடைக்கும் பதில் போல. கூடவே கையில் ஓர் ஊன்றுகோல் கிடைத்தது, அவ்வளவுதான். (அந்தப் பழைய திருவெண்பாக்கம் இன்று பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கிறது. கோயிலை வேறிடத்தில் எழுப்பியிருக்கிறார்கள்.) காஞ்சிபுரத்தில் இடக்கண் வந்தது. ஒற்றைக் கண்ணோடு திருவாரூர் வந்து சேர்ந்தவர், தேர்ந்தெடுத்த சொற்களால் சண்டை போட்டார்:

மீளா அடிமை உமக்கே ஆளாய்ப் பிறரை வேண்டாதே
மூளாத் தீப்போல் உள்ளே கனன்று முகத்தால் மிகவாடி
ஆளாய் இருக்கும் அடியார் தங்கள் அல்லல் சொன்னக்கால்
வாளாங்கு இருப்பீர் திருவாரூரீர் வாழ்ந்து போதீரே.

உம்மைத் தவிர வேறு ஒருவரையும் அண்டாத எங்கள் துன்பத்தை உம்மிடம் வந்து சொன்னால் நீர் சும்மா இருக்கிறீர்; நல்லது ஐயா, நீராவது நன்றாக வாழ்ந்து போம்! கோயில் வாசலில் நின்று இதைவிடக் கடுமையாக யார் பேச முடியும்? இதைத் திருமுறையில் சேர்த்தார்கள். ஓதுவார்கள் இன்றும் சுவாமி முன் நின்று பாடுகிறார்கள். செந்துருத்திப் பண்ணில் தேவாரத்திலேயே இந்த ஒரு பதிகம்தான் இருக்கிறது. மத்தியமாவதி ராகத்தில் பாடுவார்கள். கச்சேரியை மங்களகரமாக முடிக்கப் பாடுகிற அதே ராகம். கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வரும்.

கவனியுங்கள், சுந்தரர் ஏசுவதற்கும் அவரிடமேதான் போனார். நீங்களும் சன்னிதிக்குப் போய்த்தானே ஏசுகிறீர்கள்? கோபம் வந்தவர்கள் வீட்டிலேயே இருந்துவிடலாமே. அதனால் உங்கள் பணிவைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் இதோடு நிறுத்தினால் உங்களை ஏமாற்றியதாகிவிடும். சுந்தரருக்குக் கண் திரும்பி வந்தது. உங்கள் பிள்ளை வரமாட்டான். அதனால் இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

அப்பர் சுவாமிகளின் அக்கா திலகவதியார். அப்பா போனார், அம்மா போனார். நிச்சயம் செய்திருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் போனார். தானும் உயிரை விடத் துணிந்தபோது தம்பி காலில் விழுந்து அழுதான் என்று அவனுக்காக இருந்தார். அந்தத் தம்பியும் சமணம் சேர்ந்து வீட்டை விட்டுப் போனான். பண்ருட்டிக்குப் பக்கத்தில், கெடிலக் கரையில் திருவதிகை. அங்கே ஒரு மடத்தில் தங்கி, பொழுது விடிவதற்கு முன் எழுந்து, கோயிலைப் பெருக்கி, சாணமிட்டு மெழுகி, பூப் பறித்து மாலை கட்டினார். தம்பியை மீட்டுக்கொடு என்று கேட்டார்; அது கிடைத்தது. அப்பா, அம்மா, மாப்பிள்ளை ஒருவரும் திரும்பவில்லை. ‘எல்லாம் நன்மைக்கே’ என்று அவர் யாரிடமும் சொன்னதாகக் கதையில் இல்லை. கையில் துடைப்பம் இருந்தது; பெருக்கினார்.

இப்போது உங்கள் நாத்தனாருக்கு வருகிறேன். போன ஜென்மக் கணக்கை அவர் எந்தப் பேரேட்டில் பார்த்தார்? வினை என்பதை நான் மறுக்கவில்லை. சைவ வீட்டில் பிறந்தவள். ஆனால் இன்னாருக்கு இன்ன வினையால் இன்னது நடந்தது என்று எடுத்துப் படிக்கும் அதிகாரத்தை யாரும் நமக்குக் கொடுக்கவில்லை. சூலை நோயில் துடித்த அப்பரே, தன் சொந்த வயிற்று வலிக்கே, ‘கொடுமை பல செய்தன நான் அறியேன்’ என்றுதான் பாடினார். அப்பருக்குத் தெரியாதது அடுத்தவர் வீட்டுச் சாவைப் பற்றி உங்கள் நாத்தனாருக்குத் தெரிகிறதா? பணிவு வேண்டியது அவருக்கு. கடவுளின் மனத்தில் இருப்பதை அவர் சார்பில் அறிவிப்பதைவிடப் பெரிய திமிர் கிடையாது, அதை எவ்வளவு மெல்லிய குரலில் சொன்னாலும்.

அடுத்த முறை பேச்சு எடுத்தால், ‘எனக்குத் தெரியவில்லை அண்ணி, உங்களுக்கும் தெரியாது’ என்று சொல்லிவிட்டு எழுந்து அடுக்களைக்குப் போங்கள். ஓரகத்திக்கும் அதே பதில்தான். குலதெய்வம் என்பது உங்கள் வீட்டுப் பெரியவர். வட்டி கட்டவில்லை என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும் கந்துவட்டிக்காரர் அல்ல.

கைகூப்ப வரவில்லை என்றால் கூப்ப வேண்டாம். பிரகாரத்தில் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டு வாருங்கள். இராத்தூக்கம் போய்விட்டது, சோறு இறங்கவில்லை, உயிரோடிருப்பதே பாரமாயிருக்கிறது என்றால் 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். மனநல உதவிக்கான அரசு எண். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசுவார்கள். திருவதிகைக்கு ஒரு நடை போய்வர முடிந்தால் நல்லது. முடியாவிட்டாலும் குறையில்லை.

கேள்வி: மூன்று முறை குரூப் 4 எழுதிவிட்டேன். கிடைக்கவில்லை. சஷ்டி விரதம் இருக்கிறேன், வடபழனிக்குப் பால்குடம் எடுத்தேன். கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்காத என் நண்பன் பாஸ் செய்துவிட்டான். முருகன் என்னை ஏன் சோதிக்கிறான்?
— வாசகர், விருத்தாசலம்

பதில்: தம்பி, பல லட்சம் பேர் எழுதிச் சில ஆயிரம் பேருக்கு வேலை கிடைக்கும் தேர்வு அது. மிச்சப் பேரையெல்லாம் முருகன் உட்கார்ந்து சோதிக்கிறான் என்றால் அவனுக்கு வேறு வேலையே நடக்காது. 200 கேள்விகளில் 100 தமிழ். அதில் தகுதி மதிப்பெண் எடுக்காவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள். அந்த நூறில் எத்தனை சரியாக வந்தது என்று நீ எழுதவில்லை. தமிழ் வாத்தியாரிடம் கேள்வி கேட்டுவிட்டு அதை மறைக்கலாமா? புரியாத துன்பம் என்று ஒன்று உண்டு. மேலே அந்த அம்மா எழுதியிருப்பது அது. உன்னுடையது பெரும்பாலும் புரிகிற துன்பம். பழைய வினாத்தாளை எடு, தப்பானவற்றைச் சிவப்பில் குறி. விரதத்தை விட வேண்டாம். ஆனால் முருகனை நண்பனோடு போட்டிக்கு நிறுத்தாதே. அவன் பாஸ் செய்ததற்கு ஒரு வாழ்த்துச் சொன்னாயா?

கேள்வி: 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் ஐந்து பேரும் வேளாங்கண்ணி ஆலயத்துக்குள் பூசையில் இருந்தோம். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எங்களோடு வந்த பக்கத்து வீட்டார் கடலில் கால் நனைத்துவிட்டு வருகிறோம் என்று போனார்கள். மூன்று பேர் திரும்பவில்லை. ஒவ்வொரு ஆண்டும் ஜெபக் கூட்டத்தில் ‘ஆண்டவர் எங்களைக் காப்பாற்றினார்’ என்று என்னைச் சாட்சி சொல்லச் சொல்கிறார்கள். அந்த வீட்டுப் பெரியம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். எனக்கு நாக்கு எழவில்லை. நான் நன்றிகெட்டவனா?
— வாசகர், திருச்சி

பதில்: சாட்சி சொல்ல எழாத உங்கள் நாக்கு யோக்கியமான நாக்கு, ஐயா.

‘திருமுறை சொல்லும் அம்மாளுக்கு விவிலியம் எதற்கு’ என்று யாரும் கேட்க வேண்டாம். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் தமிழ் நடத்தியவள் நான். காலைப் பிரார்த்தனையில் வாசித்ததைக் கேட்டுக் கேட்டு யோபு எனக்கு மிகவும் வேண்டியவர் ஆகிவிட்டார்.

யோபுவுக்கு ஒரே நாளில் சொத்தும் பிள்ளைகளும் போயின. பிறகு உடம்பெல்லாம் புண். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்று மூன்று நண்பர்கள் துக்கம் கேட்க வருகிறார்கள். ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் உட்கார்ந்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. அதோடு எழுந்து வீட்டுக்குப் போயிருந்தால் அவர்களுக்குச் சிலை வைத்திருக்கலாம். வாயைத் திறந்தார்கள். ‘குற்றமில்லாமல் எவன் அழிந்தான்? யோசித்துப் பார், நீ ஏதோ செய்திருக்கிறாய்.’ மன்னார்குடி நாத்தனாரின் மூதாதையர்!

யோபு பணிந்து பேசவில்லை. பிறந்த நாளைச் சபித்தார். கடவுளை வழக்குக்கு இழுத்தார். கடைசியில் கடவுள் பேசியபோது, ‘நான் பூமியை அஸ்திபாரப்படுத்துகிறபோது நீ எங்கேயிருந்தாய்?’ என்று கேள்விமேல் கேள்வியாகக் கேட்டாரே தவிர, காரணத்தைச் சொல்லவில்லை. முதல் அதிகாரத்தில் கடவுளுக்கும் சாத்தானுக்கும் நடந்த பேச்சு வாசிக்கிற நமக்குத் தெரியும். யோபுவுக்குக் கடைசி வரை தெரியாது. அதே கடவுள் நண்பர்கள் பக்கம் திரும்பி, ‘என்னைப் பற்றி யோபு பேசியதைப் போல் நீங்கள் சரியாகப் பேசவில்லை’ என்று கோபித்தார். அவர் சார்பில் வக்காலத்து வாங்கியவர்களுக்குத் திட்டு. அவரை எதிர்த்து வாதாடியவருக்கு மரியாதை. (யோபுவுக்கு மறுபடி ஏழு மகன்களும் மூன்று மகள்களும் பிறந்தார்கள் என்று முடியும் கடைசி அதிகாரம் எனக்கு அரைமனதுதான். செத்த பத்துப் பிள்ளைகளுக்கு வேறு பத்து ஈடாகுமா? எந்தத் தாயையாவது கேட்டுப் பாருங்கள்.)

சுனாமிக்கு வருவோம். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். பூசையில் இருந்தவர்கள் பிழைத்தார்கள், கரையில் நின்றவர்கள் போனார்கள் என்பது நடந்த சங்கதி. ‘அதனால்’ என்று ஒரு சொல்லை நடுவில் போட்டால், கரையில் கால் நனைத்த குழந்தை கடவுளுக்கு வேண்டாத குழந்தை என்று ஆகிவிடும். முன்வரிசையில் இருக்கும் பெரியம்மாவின் காதில் அதுதான் விழும். உங்கள் நாக்குக்கு அது தெரிந்திருக்கிறது.

காரணம் தேடியே ஆக வேண்டும் என்பவர்கள் தேடுவதற்கு வேறு இடம் இருக்கிறது. அன்று காலை ஆறரை மணி வாக்கில் சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலநடுக்கம். அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இரண்டு மணி நேரத்தில் ஒரு கடற்கரையைக் காலி செய்துவிடலாம். ஆனால் அப்போது இந்தியப் பெருங்கடலில் எச்சரிக்கை ஏற்பாடே இல்லை. 2007-இல்தான் ஹைதராபாத்தில் மையம் திறந்தார்கள். அந்த இரண்டு மணி நேரத்தையும் தூக்கி ஆண்டவரின் சித்தத்தில் சேர்ப்பவர்களை என்னால் பக்திமான்கள் என்று சொல்ல முடியாது.

நன்றி சொல்லாமல் இருக்க வேண்டியதில்லை. பிழைத்தவன் நன்றி சொல்வது இயல்பு. கூட்டத்தில் எழச் சொன்னால் எழுந்து இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ‘நாங்கள் இருக்கிறோம். அவர்கள் மூன்று பேர் இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. இருப்பதற்கு நன்றி சொல்கிறேன், அவர்களுக்காக அழுகிறேன்.’ பிறகு மூன்று பேரின் பெயரையும் சத்தமாகச் சொல்லுங்கள். அதற்கு முன்பு பெரியம்மா வீட்டுக்குப் போய், சொல்லலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: மாப்பிள்ளை குடித்துவிட்டு மகளை அடிக்கிறார். ‘எல்லாம் பெருமாள் பார்த்துக்கொள்வான், நீ பணிந்து போ’ என்று அவளைத் திரும்பத் திரும்பக் கொண்டுபோய் விட்டுவருகிறோம். பேத்திக்கு நாலு வயது. பெருமாள் எப்போது கண் திறப்பார்?
— ஓய்வுபெற்ற ஊழியர், ஸ்ரீரங்கம்

பதில்: பெருமாள் கண் திறந்துதான் இருக்கிறது. உங்களுடையதைத் திறங்கள். அடி வாங்குவது பணிவு அல்ல, ஐயா. பெற்ற மகளை அடிக்கிறவனிடம் கொண்டுபோய் விடுவது சரணாகதியும் அல்ல. முதலை காலைக் கவ்விய யானை கஜேந்திரன் கூப்பிட்டபோது அரங்கன் கருடனை விரட்டிக்கொண்டு ஓடிவந்தார் என்று பக்கத்திலேயே குடியிருந்துகொண்டு கேட்டிருப்பீர்கள். ‘முதலையிடம் பணிந்து போ’ என்றா சொன்னார்?

181 என்பது பெண்களுக்கான உதவி எண், இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுக்கலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள். அதற்கெல்லாம் முன்பு மகளையும் பேத்தியையும் கூட்டிவந்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மாடி அறையைக் காலி செய்யும் வேலை உங்களுடையது. அதைப் பெருமாள் தலையில் போடாதீர்கள்.

கேள்வி: ஆறு மாதமாக மேல்வயிற்றில் வலி. ‘கூற்றாயினவாறு’ பதிகம் தினமும் பாடுகிறேன். சில நாள் குறைகிறது, சில நாள் இல்லை. ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று மகன் பிடிவாதம் பிடிக்கிறான். எடுத்தால் சுவாமிமேல் நம்பிக்கை இல்லை என்று ஆகாதா?
— வாசகி, பண்ருட்டி

பதில்: ஆகாது. மகன் சொல்வதைக் கேளுங்கள். வாளால் அறுத்துச் சுட்டாலும் நோயாளிக்கு மருத்துவன்மேல் அன்பு குறையாது, அதுபோல நீ துன்பம் தந்தாலும் உன்னை விடமாட்டேன் என்று குலசேகர ஆழ்வார் பாடினார். அறுவை சிகிச்சைக்குப் படுத்துக்கொள்கிறவனைத்தான் ஆழ்வார் பக்தனுக்கு உதாரணமாகச் சொல்கிறார். மருத்துவமனைக்குப் போகமாட்டேன் என்று அடம் பிடிப்பவனை அல்ல. நீங்கள் பாடுகிற பதிகத்தைப் பாடிய அப்பரும் வலி தாங்காமல் ஆள் அனுப்பி அக்காவைக் கூப்பிட்டார். அவர் வரமாட்டேன் என்றதும், எழுந்து திருவதிகைக்கு நடந்து போனார். படுத்த இடத்திலேயே கிடந்து நம்பிக்கொண்டிருக்கவில்லை.

பதிகம் பத்துப் பாட்டு. ஸ்கேன் மையத்து வரிசையில் உட்கார்ந்து முணுமுணுத்து முடிக்க நேரம் தாராளமாகக் கிடைக்கும். வயிற்று ஸ்கேன் என்றால் வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள்; எத்தனை மணி நேரம், தண்ணீர் குடிக்கலாமா என்று முதல் நாளே போன் செய்து கேட்டுவிடுங்கள். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர் என்றால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.